இடம் அருளப்பட்டது, ஓட்டம் நம்முடையது

பொதுக்காலம் 20ஆம் ஞாயிறு – மூன்றாம் ஆண்டு
எரேமியா 38:4-6, 8-10, எபிரேயர் 12:1-4, லூக்கா 12:49-53



எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் இன்று நம்மை ஓர் ஓட்டக் களத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. விசுவாசத்தில் வாழ்ந்து முடித்தவர்கள் மேகம்போல் நம்மைச் சூழ்ந்து நிற்கிறார்கள். சுமையைக் கழற்றி வையுங்கள், பாவத்தை உதறித் தள்ளுங்கள், இயேசுவின்மேல் கண்களைப் பதித்து மனஉறுதியோடு ஓடுங்கள் என்கிறார் திருமுக ஆசிரியர். இந்த அழைப்பின் ஆழம் நமக்குப் புரிய, நம் காலத்து ஓட்டக்காரர்கள் சிலரைப் பற்றி இன்று பேசப் போகிறேன்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்துச் செய்து முடிக்கும் போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். அதில் அயர்ன்மேன் என்ற பெயரில் நடக்கும் போட்டி மிகக் கடினமானது. 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறி 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். அதன்பின் 42.2 கிலோமீட்டர், அதாவது ஒரு முழு மாரத்தான், ஓட வேண்டும். பொதுவாக இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தரப்படும் நேரம் 17 மணி. 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 18 அன்று ஹவாய் மாநிலத்தின் ஒவாஹு தீவில் 15 பேர் முதன்முதலாக இதில் இறங்கினார்கள். 12 பேர் முடித்தார்கள். 1981இல் போட்டி அதே மாநிலத்தின் பெரிய தீவிலுள்ள கோனாவுக்கு மாறியது. இருபுறமும் கறுத்து இறுகிய எரிமலைப் பாறை, தலைக்கு மேல் வெயில், எதிரே காற்று. அந்தச் சாலையில் ஒருநாள் ஓடிவிட வேண்டும் என்பது உலகெங்கும் எத்தனையோ பேரின் கனவு.

ஆனால் அங்கே நினைத்த மாத்திரத்தில் பெயர் கொடுத்துவிட முடியாது. பொதுவாக முதலில் ஒரு தகுதிப் போட்டியில் ஓடி, தன் வயதுப் பிரிவில் முன்னணியில் வர வேண்டும். இதற்காக உழைப்பவர்களில் பெரும்பாலோர் விளையாட்டையே தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள். ஊர் விழிக்கும் முன் நீச்சல் குளத்தில் இறங்குகிறார்கள். வேலை முடிந்து வந்து ஓடுகிறார்கள். வார இறுதியில் மணிக்கணக்காகச் சைக்கிள் மிதிக்கிறார்கள். இப்படி வாரத்துக்கு 10, 15 மணி நேரம், மாதக்கணக்கில்.

அவர்களுடைய பயிற்சிகளில் ஒன்றுக்கு பிரிக் என்று பெயர். நெடுந்தூரம் சைக்கிள் மிதித்துவிட்டு, இறங்கிய உடனே காலணியை மாற்றிக்கொண்டு ஓடத் தொடங்குவார்கள். முதல் சில நிமிடங்கள் கால்கள் அவர்களுடைய கால்களாகவே இருப்பதில்லை. தொடை கனக்கும், முழங்கால் மடங்க மறுக்கும், நேராக நடக்கவே தடுமாறும். அதற்காக அவர்கள் நிற்பதில்லை. அடி சிறிதானாலும் எடுத்து வைக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் கால் வழிக்கு வருகிறது. யாரும் கைதட்டாத ஒரு சாலையில் இதைத் திரும்பத் திரும்பச் செய்தவருக்குத்தான், போட்டி நாளில் அந்தத் தடுமாற்றம் வரும்போது நெஞ்சு கலங்காது. ஓய்வையும் அவர்கள் பயிற்சியாகவே எண்ணுகிறார்கள். உழைப்பில் களைத்த தசை வலுப்பெறுவது உறக்கத்திலும் ஓய்விலும்தான். ஏழாம் நாளை ஓய்வுநாளாகத் தந்த இறைவன் நம் உடலின் இயல்பை அறியாதவரா?

கொரிந்து நகர மக்களுக்கு எழுதும்போது தூய பவுல் இத்தகையவர்களைத்தான் எடுத்துக்காட்டினார். அந்நகரத்துக்கு அருகே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இஸ்துமிய விளையாட்டுகள் நடக்கும். வென்றவர் தலையில் இலைகளால் பின்னிய முடியைச் சூட்டுவார்கள். வாடிப்போகும் முடிக்காக அவர்கள் இவ்வளவு தன்னடக்கத்தோடு இருக்கிறார்களே, அழியாத முடிக்காக ஓடும் நாம் எப்படி இருக்க வேண்டும் என்பதே பவுலின் கேள்வி. அந்தக் கேள்வியை இன்று நம் பங்கின் முன் வைக்கிறேன்.

அயர்ன்மேன் தகுதிப் போட்டி முடிந்த பிறகு நடப்பதையும் நீங்கள் அறிய வேண்டும். ஓடி முடித்தவர்கள் ஓர் அரங்கில் கூடுகிறார்கள். கோனாவில் நடக்கும் உலகப் போட்டிக்கான இடங்கள் இத்தனை என்று எண்ணி ஒதுக்கப்பட்டிருக்கும். வரிசைப்படி பெயர்களை அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் வேண்டாம் என்றாலோ, அரங்கில் இல்லாமல் போனாலோ, அந்த இடம் அடுத்தவருக்கு இறங்கி வரும். ரோல் டவுன் என்று இதைச் சொல்வார்கள். ஆறாவதாக, ஏழாவதாக வந்தவர்கள்கூட வலிக்கும் கால்களோடு அங்கே காத்திருப்பார்கள். தன் பெயர் ஒலித்ததும் ஒருவர் கையை உயர்த்துகிறார். அங்கேயே கட்டணத்தைக் கட்டி, இடத்தை ஏற்றுக்கொள்கிறார். பல ஆண்டு உழைப்பு அந்த ஒரு நொடியில் கனிகிறது.

அன்பர்களே, நம் பெயரும் ஒருநாள் அழைக்கப்பட்டது. ஆலய வாசலில் நம் பெற்றோர் நம்மைக் கையில் ஏந்தி நின்றார்கள். குழந்தைக்கு என்ன பெயர் என்று அருள்பணியாளர் கேட்டார். நாம் எந்தத் தகுதிப் போட்டியிலும் ஓடியிருக்கவில்லை. நமக்கு நடக்கவே தெரியாது. ஆனாலும் திருமுழுக்குத் தண்ணீரில் நமக்கு ஓர் இடம் தரப்பட்டது. அதற்கான விலையைக் கிறிஸ்து சிலுவையில் செலுத்தி முடித்திருந்தார். விளையாட்டு வீரர் இடத்தைப் பெறுவதற்காக ஓடுகிறார். கிறிஸ்தவரோ இடம் கிடைத்துவிட்டதால் ஓடுகிறார். பிலிப்பியருக்கு எழுதும்போது பவுல் தம் ஓட்டத்துக்குச் சொல்லும் காரணமும் இதுவே: கிறிஸ்து இயேசு அவரை முன்பே பிடித்துக்கொண்டார்.

முதல் வாசகத்தில் இந்த அருளைக் கண்ணால் காண்கிறோம். உண்மையைச் சொன்ன எரேமியாவைக் கயிற்றில் கட்டிப் பாழ்கிணற்றில் இறக்கினார்கள். உள்ளே தண்ணீர் இல்லை, சேறு. அவர் அதில் அமிழ்ந்தார். தானாக ஏறிவர வழியே இல்லை. அரண்மனையில் பணியாற்றிய எத்தியோப்பியரான எபேது மெலேக்கு அரசனிடம் போய் அவருக்காகப் பரிந்து பேசினார். எரேமியாவைத் தூக்கிவிடும்படி அரசன் கட்டளையிடுவதோடு இன்றைய வாசகம் நின்றுவிடுகிறது. வீட்டுக்குப் போனதும் விவிலியத்தைத் திறந்து அடுத்த வரிகளையும் வாசியுங்கள். எபேது மெலேக்கு கந்தல் துணிகளைத் தேடி எடுத்துக் கிணற்றுக்குள் இறக்குகிறார். கயிறு அறுக்காமல் இருக்க அவற்றை அக்குளில் வைத்துக்கொள்ளும்படி சொல்கிறார். எரேமியா அப்படியே செய்கிறார். பிறகு தூக்கிவிடுகிறார்கள். மீட்கும் கயிறு மேலிருந்து வந்தது. துணியை எடுத்து அக்குளில் வைத்துக்கொள்ளும் வேலை எரேமியாவுடையது. அருள் நம்மைத் தூக்குகிறது. அந்த அருளுக்கு நம்மை ஆயத்தப்படுத்தும் சிறு வேலையை அது நம்மிடமே விட்டுவைக்கிறது. செபம், ஒறுத்தல், ஒப்புரவு அருள்சாதனம், ஞாயிறு திருப்பலி எல்லாம் அந்த வேலைதான்.

அமெரிக்கரான டிக் ஹாய்ட் என்ற தந்தையையும் ரிக் என்ற அவருடைய மகனையும் இங்கே நினைக்கிறேன். மகன் பெருமூளை வாதத்தால் நடக்கவும் பேசவும் இயலாதவர். 1989இல் கோனாவில் தந்தை தம் உடலில் கயிற்றைக் கட்டி, மகன் படுத்திருந்த ரப்பர் படகை இழுத்துக்கொண்டே கடலில் நீந்தினார். சைக்கிளின் முன்னிருக்கையில் அவரை அமர்த்தி மிதித்தார். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு மாரத்தான் ஓடினார். இருவரும் ஒன்றாகவே முடித்தார்கள். உங்கள் இல்லத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் தாயை, மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைச் சுமந்துகொண்டு ஓடுகிறவர்களே, ஆண்டவர் உங்கள் ஓட்டத்தைப் பார்க்கிறார். உங்கள் வேகம் குறைவு என்று எண்ணிச் சோர்ந்துபோகாதீர்கள்.

செபம், ஒறுத்தல் என்ற இந்தப் பயிற்சியை அன்றாட வாழ்வில் எங்கே வைப்பது? அருள்சகோதரி மடோனா பியூடரைப் பாருங்கள். 1930இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்து, 23 வயதில் துறவு மடத்தில் சேர்ந்தவர். ஐம்பது வயதை நெருங்கும்போது, ஓட்டம் உடலையும் மனத்தையும் ஆன்மாவையும் ஒருமுகப்படுத்தும் என்று ஓர் அருள்பணியாளர் சொல்லக் கேட்டு ஓடத் தொடங்கினார். 55 வயதில் முதல் அயர்ன்மேனை முடித்தார். கோனாவிலும் பலமுறை ஓடினார். 2012இல் கனடாவில், 82 வயதில், 16 மணி 32 நிமிடத்தில் இலக்கை எட்டினார். அந்த வயதில் அதுவரை எந்தப் பெண்ணும் அதை முடித்ததில்லை. அவருக்கென்று புதிய வயதுப் பிரிவுகளையே திறக்க வேண்டியிருந்தது.

அவர் பயிற்சி செய்த விதம்தான் என் உள்ளத்தைத் தொட்டது. ஸ்போகேன் நகரில் வாழ்ந்த அவர் ஆலயத்துக்கு ஓடியே போவார். சிறையில் இருப்பவர்களோடு இறைவார்த்தையைப் பகிரவும் ஓடியே போவார். பயிற்சி வேறு, பணி வேறு என்று அவர் பிரித்துவைக்கவில்லை. நாமோ நேரமில்லை என்கிறோம். பேருந்தில் போகும் நேரம் இருக்கிறது. அதில் ஒரு செபமாலை சொல்லலாம். அரிசி களையும் நேரம் இருக்கிறது. நமக்குத் தீமை செய்தவரை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்கலாம். ஞாயிறு பூசைக்கு வரும் வழியில் தனியாக இருக்கும் ஒரு முதியவரைக் கையைப் பிடித்து அழைத்து வரலாம்.

இன்றைய நற்செய்தி நம்மை எச்சரிக்கவும் செய்கிறது. தாம் பெறவேண்டிய திருமுழுக்கு ஒன்று இருப்பதாகவும், அது நிறைவேறும்வரை தம் மனம் நெருக்கப்படுவதாகவும் இயேசு சொல்கிறார். எருசலேமும் சிலுவையும் அவருடைய இலக்கு. அந்த வழியில் அவரைப் பின்தொடர்ந்தால் வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பு வரும் என்று ஒளிக்காமல் சொல்கிறார். வரதட்சணை வேண்டாம் என்று சொல்லும் மகனோடு பெற்றோர் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். கைநீட்டி வாங்க மறுக்கும் அலுவலரைச் சொந்தக்காரர்களே பிழைக்கத் தெரியாதவர் என்று ஏசலாம். கால் கனக்கும் அந்த நேரத்தில் நின்றுவிடாதீர்கள். நாம் இன்னும் இரத்தம் சிந்தும் அளவுக்குப் பாவத்தை எதிர்த்துப் போராடவில்லை என்று திருமுகம் நமக்கு நினைவூட்டுகிறது.

உழைத்துப் பெற்ற இடத்தை மனிதர் கண்ணைப்போல் காக்கிறார்கள். இலவசமாகப் பெற்ற இடத்தை நாம் அலட்சியம் செய்துவிட்டோம். இதுவே நம் குறை. ஆகவே இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். உங்களைப் பின்னுக்கு இழுக்கும் ஒரு சுமையைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டு கழற்றி வையுங்கள். அது கைபேசியாக இருக்கலாம், மதுவாக இருக்கலாம், பழைய பகையாக இருக்கலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் கால் மணி நேரமாவது குடும்பமாக இறைவார்த்தையை வாசியுங்கள். ஒப்புரவு அருள்சாதனத்தை நெடுநாளாகத் தள்ளிப்போட்டவர்கள் சனிக்கிழமை மாலை வாருங்கள்; நான் காத்திருப்பேன். இப்போது இதே பீடத்திலிருந்து ஆண்டவர் தம் உடலையே உணவாகத் தந்து நம்மைத் திடப்படுத்தப் போகிறார். அந்த வலிமையோடு எழுந்து ஓடுங்கள். ஆமென்.