இல்லறச் செலவும் மனைவியின் ஊதியமும்: இஸ்லாமியப் பொருளியல் நோக்கு

முன்னுரை

பாலக்காடு மாவட்டத்தின் புதுநகரம் முதலிய ஊர்களிலும் இடுக்கி மாவட்டத்தின் எல்லைப் பகுதிகளிலும் தமிழ் பேசும் இராவுத்தர் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம்கள் ஷாஃபி சட்டநெறியினர்; இராவுத்தர்களோ ஹனஃபி நெறியினர். ஏலத்தோட்டங்கள் நிறைந்த இவ்வெல்லைப் பகுதியில் பெண்களின் கூலி உழைப்பு இன்றியமையாதது. கணவனின் வருவாய் போதாத இல்லத்தில் மனைவியின் ஊதியம் செலவாகுமாயின் அது கடமையா, கொடையா, கடனா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கடமையும் கொடையும்

மனைவி மக்களைப் பேணும் பொறுப்பைத் திருக்குர்ஆன் (4:34) கணவன்மீது சுமத்துகிறது. பெண் ஈட்டியது பெண்ணுக்கே உரியது என்பதையும் அது (4:32) கூறுகிறது. எனவே மனைவி செல்வம் உடையவளாயினும் கணவனின் கடமை நீங்குவதில்லை. நபித்தோழர் இப்னு மஸ்ஊதின் மனைவி ஸைனப், தம் கணவருக்குச் செலவிடுவது அறமாகுமா என வினவியபோது, உறவைப் பேணியதற்கு ஒன்றும் ஈகைக்கு ஒன்றுமாக இரு நற்கூலி உண்டு என நபிகள் விடையளித்தார். கடமையாயின் அதனை ஈகை எனச் சுட்ட இடமில்லை.

இதற்கு மாறாக, வறிய கணவனைச் செல்வமுள்ள மனைவி பேணுதல் கடமையே என்றார் அந்தலூசிய அறிஞர் இப்னு ஹஸ்ம் (994-1064). பெரும்பான்மை அறிஞர்கள் இதனை ஏற்கவில்லை.

கடன்

ஹனஃபி நெறியில், கணவனால் இயலாதபோது நடுவரின் ஆணை பெற்று அவன் பெயரில் கடன் வாங்கிச் செலவிட மனைவிக்கு உரிமையுண்டு. உடன்பாடோ ஆணையோ இன்றித் தன் பொருளைத் தானே செலவிட்டால் அது கொடையாகவே கருதப்படும். இவ்வேறுபாட்டின் விளைவு பெரிது. இருவர் ஊதியத்திலும் கட்டிய வீடு கணவன் பெயரில் மட்டும் இருப்பின், அவன் இறந்தபின், பிள்ளைகள் உள்ள மனைவிக்கு அதில் எட்டில் ஒரு பங்கே கிட்டும் (4:12). தான் ஈட்டியதையே அவள் மரபுரிமையாகச் சிறிதளவு பெறும் நிலை இது. அவள் அளித்தது கடன் என முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால், பங்கீட்டிற்கு முன்பே அக்கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பதும் அதே வசனத்தின் நெறியாகும்.

முடிவுரை

மனைவியின் ஊதியத்தை இயல்பான கடமையாகக் கொள்ளும் இல்லம், கொடுத்தவளின் ஈகையையும் மறுக்கிறது; கடனையும் மறுக்கிறது. கொடை என்றால் நன்றியும், கடன் என்றால் கணக்கும் வேண்டும். இரண்டும் இல்லாதவிடத்து எஞ்சுவது பறிப்பே. ஆகவே குடும்ப நலன் என்பது வருவாயின் மொத்த அளவால் அன்று, அதில் யாருடைய உரிமை எவ்வளவு என்பதை இல்லத்தார் அறிந்து ஒழுகுவதாலேயே அளக்கத்தக்கது எனலாம்.