நெருப்பு வேண்டாத நைவேத்தியம்

பகவத்கீதையில் (9.26) பகவான் ஏற்பதாகக் கூறுபவை இலை, மலர், கனி, நீர். இவற்றுள் எதற்கும் அடுப்பு தேவையில்லை. கர்நாடக இல்லங்களில் ஸ்ரீராமநவமியன்று படைக்கப்படும் கோசம்பரியும் அத்தகைய எளிய நைவேத்தியமே. ஒரு மணி நேரம் ஊறிய பாசிப்பருப்பை வடித்து, நறுக்கிய வெள்ளரிக்காய், தேங்காய்த் துருவல், கொத்தமல்லி, உப்பு, எலுமிச்சைச் சாறு கலந்தால் போதும், தாளிக்காமலும் சுவைக்கும். வெள்ளரிக்குப் பதிலாகக் கேரட் துருவலோ மாங்காயோ சேர்க்கலாம்.

நேரமில்லை என்று வழிபாட்டைக் கைவிடும் இல்லறத்தாருக்கு இஃது ஏற்ற சாதனை. ஆனால் சமைக்காததை உண்பதாலேயே ஒருவர் தூய்மை அடைந்துவிடுவதில்லை. சமைத்து உண்பவரை அவர் இழிவாக நோக்கினால், அவ்வுணவு அகங்காரத்தையே வளர்க்கும். பகவான் ஏற்பது தூய மனத்தின் பக்தியை. இலையும் கனியும் அதைச் சுமந்து வருபவை மட்டுமே.