தீயைக் கண்ட கண்

கண்ணால் காண்பதில் பாவம் உண்டோ? உடலால் செய்வதும், வாயால் சொல்வதும், மனத்தால் எண்ணுவதுமே வினையாம் என்று நாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். அங்ஙனமாயின், பிறர் படும் துன்பத்தைத் தூர நின்று பார்த்துக்கொண்டிருப்பவனுடைய நிலை யாது? அவன் அத்துன்பத்தை உண்டாக்கினவன் அல்லன்; தடுத்திருக்கக் கூடியவனும் அல்லன் என்றே அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கின்றான். அவன் கணக்கில் ஏதேனும் எழுதப்படுமோ, படாதோ?

அன்பர்களே, இக்கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. நான் ஆலைத் தொழிலாளியாயிருந்த இளமைக் காலத்தில், ஓர் இரவு அவ்வாலையின் பஞ்சுக் கிடங்கு தீப்பற்றிக்கொண்டது. நாங்கள் ஒரு நூறு பேர் சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தோம். பஞ்சுப் பொதிகள் வெடித்துப் பொன்னிறப் பொறிகள் வானில் பறந்தன. அருகில் நின்ற ஒருவன், "என்ன அழகு!" என்றான். நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஏனெனில், என் மனமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. பொழுது விடிந்த பிறகே, கிடங்கின் முதிய காவல்காரர் உள்ளே அகப்பட்டு மாண்டார் என்று அறிந்தோம்.

அந்தப் பார்வை பல்லாண்டுகள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பின்னர் நண்பரொருவர் தந்த நூலொன்றில், ஜப்பான் தேசத்துப் பழைய சித்திரங்களின் அச்சுப்படங்களைக் கண்டேன். என் கேள்வியையே எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சிலர் தூரிகையால் எழுதி வைத்திருக்கின்றனர் என்று அப்போது தோன்றிற்று.

ஜப்பானியர் முதலில் சீன முறையைத் தழுவியே சித்திரம் எழுதினர். ஹெய்யான் காலம் எனப்படும் 794 முதல் 1185 வரையிலான நூற்றாண்டுகளில், தம் நாட்டு மலைகளையும் பருவங்களையும் கதைகளையும் தமக்குரிய முறையில் எழுதும் வழக்கம் அங்கே வளர்ந்தது. அதற்கு யமாத்தோ-எ என்று பெயர். யமாத்தோ என்பது ஜப்பானின் பழம்பெயர். எ என்பது சித்திரம். அரண்மனைக் காதல் கதைகளையும், துறவிகளின் அற்புதங்களையும், உண்மையில் நிகழ்ந்த போர்களையும் இம்முறையில் நீண்ட சுருள்களில் தீட்டினார்கள். அச்சுருளை எமாகி என்பர். அதனைச் சுவரில் மாட்டிப் பார்ப்பதில்லை. தரையில் வைத்து, இடக்கையால் சிறிது விரித்து, கண்டு முடித்ததை வலக்கையால் சுருட்டிக்கொண்டே செல்ல வேண்டும். தறியில் நெய்த துணி ஒரு பக்கம் உருளையில் சுற்றிக்கொள்ள, மறுபக்கம் புதிய பாவு வருவது போன்றது அது. கதை வலமிருந்து இடமாக ஓடும். ஒரு நேரத்தில் இரண்டு முழ அளவே கண்ணுக்குக் கிட்டும்.

இவற்றுள் முதலாவதாக, "ஹெய்ஜி" என்னும் போர்க்கதைச் சுருளை எடுத்துக்கொள்வோம். 1160 ஜனவரியில் ஓர் இரவு, நொபுயோரி என்ற பிரபுவும் யொஷிதொமோ என்ற படைத்தலைவரும் கியோத்தோ நகரில் சஞ்ஜோ அரண்மனையைத் தாக்கினர். முடிதுறந்த பேரரசர் கோ-ஷிரகாவாவைச் சிறைப்பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டு, மாளிகைக்குத் தீ வைத்தனர். இந்நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப்பின், பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீட்டப்பட்ட சுருள் இப்போது அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் உள்ளது. அதன் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர்.

விரிக்கத் தொடங்கியதும் எருது பூட்டிய வண்டிகளும் மனிதரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு அரண்மனையை நோக்கி ஓடுகின்றனர். மேலும் விரித்தால் நெருப்பு. கருஞ்சிவப்பும் செஞ்சிவப்புமாக நெளிந்து, புகையோடு பின்னிப் பாயும் அந்நெருப்பைப் போல வேறெங்கும் நெருப்பை எழுதியதில்லை என்று அறிஞர் புகழ்வர். அதன் கீழே வாளும் வெட்டும். அரண்மனைப் பெண்கள் தீக்கும் வாளுக்கும் அஞ்சிக் கிணற்றில் குதித்தனர். அடியில் விழுந்தோர் நீரில் மூழ்கினர், நடுவில் விழுந்தோர் நசுங்கினர், மேலே கிடந்தோரைத் தீ எரித்தது என்பது கதை. ஓவியன் அக்கிணற்றையும் எழுதியிருக்கின்றான். அப்பெண்களின் பலவண்ண ஆடைகள் அங்கே குவிந்து கிடப்பது, அறியாதவர் கண்ணுக்கு மலர்க்குவியல் போலத் தோன்றும்.

இங்கேதான் தருமசங்கடம் எழுகின்றது. இத்துணைக் கொடுமையை இத்துணை அழகாக எழுதலாமோ? கொலையைக் கண்டு நடுங்க வேண்டிய கண், "ஆகா!" என்று வியக்கின்றதே, இது கருணையைக் கெடுக்காதோ? இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. போர்ச் சித்திரத்தைக் கண்டு வீரம் பேசி, அடுத்த போருக்குப் புறப்பட்டோர் எந்நாட்டிலும் உண்டு. ஓவியன் மீது பழியே இல்லை என்று நான் வாதிட வரவில்லை.

ஆயினும் ஒன்றை நினைத்தல் வேண்டும். பகவான் கயைக்கு அருகில், முன்பு அக்கினியை வழிபட்டிருந்த ஆயிரம் பிக்ஷுக்களுக்குப் போதித்தபோது, வெளியே எரியும் தீயைப் பற்றிச் சொல்லவில்லை. கண்ணே எரிகின்றது, காணப்படுவதும் எரிகின்றது, காண்பதால் எழும் இன்பமும் துன்பமும் எரிகின்றன, ஆசையும் பகையும் மயக்கமுமே அந்தத் தீ என்று போதித்தார். ஆகவே, அழகு என்று வியந்த கண் ஓவியன் ஈந்த கண் அன்று; நாம் கொண்டுவந்த கண்ணே அது. சாலையில் நின்ற எனக்கு எந்த ஓவியனும் அக்கிடங்கைத் தீட்டிக் காட்டவில்லை. அழகாகத் தோன்றுவதைத் தடுக்க இயலாது. கண்டவன் அவ்வழகிலேயே தங்கிவிடுகின்றானா, அதனைக் கடந்து செல்கின்றானா என்பதே கேள்வி.

எமாகிச் சுருள் நம்மைத் தங்கவிடுவதில்லை. நெருப்பைக் காண வேண்டுமென்று கையை நிறுத்தினால் கதை நின்றுவிடும். கையை அசைத்தால் நெருப்பு மறைந்துவிடும். அசைத்துப் பார்ப்போம். தீ தீர்ந்ததும், சிறைப்பட்ட பேரரசரின் வண்டியைச் சூழ்ந்து வீரர் கூட்டம் திரும்புகின்றது; வெட்டுண்ட தலைகள் ஆயுத முனைகளில் செருகப்பட்டிருக்கின்றன. பிறகு கூட்டம் மெல்லமெல்லக் குறைந்து, முடிவில் குதிரை மீது வில்லேந்திய வீரன் ஒருவனும், அவனுக்கு முன்னே காலாள் ஒருவனும் மட்டுமே எஞ்சுகின்றனர். அவர்களுக்கு அப்பால் வெறும் காகிதம். அத்துணை ஆரவாரமும் அங்கே வந்து ஓய்ந்துவிடுகின்றது.

அக்காகிதத்துக்கு அப்பால் நிகழ்ந்தது என்ன? வென்ற நொபுயோரி சில கிழமைகளுக்குள் தோற்று, தலை வெட்டப்பட்டார். யொஷிதொமோ தப்பி ஓடும் வழியில், நம்பித் தங்கிய இடத்திலேயே கொல்லப்பட்டார். அவ்விருவரையும் அடக்கிய கியொமோரியின் குலம் இருபதாண்டுகள் ஓங்கி நின்றது. கொல்லாது விடப்பட்ட யொஷிதொமோவின் மகன் யொரிதொமோ வளர்ந்து படை திரட்டினார். 1185-இல் தன்னோ-உரா கடற்போரில் அக்குலமே அழிந்தது. கியொமோரியின் பேரனான குழந்தை அரசன் அந்தோக்கு பாட்டியின் கையிலிருந்தவாறே கடலில் மூழ்கினான். ஓர் இரவில் மூட்டிய தீ இருபத்தைந்து ஆண்டுகள் எரிந்து நீரில் அணைந்தது. காரணமும் காரியமும் சங்கிலிபோல் தொடர்வதை இதனினும் தெளிவாக எவர் காட்டுவர்?

இரண்டாவது சுருள் "பான் தாய்நகோன்" கதையைச் சொல்வது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. 866-இல் அரண்மனையின் ஓத்தென் வாயில் ஓர் இரவு எரிந்துபோயிற்று. தோமோ நோ யொஷியோ என்னும் பெருமந்திரி தாமே தீ வைத்துவிட்டுப் பழியை வேறோர் அமைச்சர் மீது சுமத்தினார் என்பது இக்கதையின் பொருள். உண்மையில் தீ வைத்தவர் யார் என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் ஒருமைப்படவில்லை.

இச்சுருளைக் கண்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓவியன் தீயை மட்டும் எழுதவில்லை. தீயை வேடிக்கை பார்க்க ஓடிவந்த கூட்டத்தையும் எழுதியிருக்கின்றான். அதிகாரிகளும் ஏவலாளரும் பொதுமக்களுமாய் எத்தனை முகங்கள்! ஒருவன் ஓடுகின்றான், ஒருவன் வாய்பிளந்து அண்ணாந்து நிற்கின்றான். ஒரு முகம் போல் மற்றொன்று இல்லை. அவர்களிடையே என் முகத்தையும், "என்ன அழகு!" என்ற என் தோழன் முகத்தையும் நான் கண்டேன்.

அக்கதையின் மறுபாதி இன்னும் கூர்மையானது. யொஷியோவும் அவருடைய ஆட்களும் வாயிலிலிருந்து இறங்கி ஓடியதை எளிய ஏவலாளன் ஒருவன் அவ்விரவே கண்டிருந்தான். பெரிய மனிதரைப் பற்றிச் சொல்ல அஞ்சி வாய்மூடி இருந்துவிட்டான். பல மாதங்கள் கழித்து, அவன் பிள்ளைக்கும் யொஷியோ வீட்டுக் கணக்கன் பிள்ளைக்கும் தெருவில் சண்டை மூண்டது. கணக்கன் ஓடிவந்து ஏவலாளன் பிள்ளையை உதைத்தான். அப்போதுதான் தகப்பன் பொங்கி, தான் கண்டதைத் தெருவறியக் கூவினான். செய்தி பரவிற்று, யொஷியோ நாடு கடத்தப்பட்டார். ஓவியன் அச்சண்டையை ஒரே காட்சிக்குள் ஒரே பிள்ளையைப் பலமுறை எழுதிச் சுழலவிட்டிருக்கின்றான். கண்ட உண்மை வாய் திறப்பதற்குத் தன் பிள்ளைக்கு வலிக்க வேண்டியிருந்தது! குற்றவாளியின் வீட்டுப் பெண்கள் கதறி அழுவதையும் அவன் எழுதாமல் விடவில்லை. தண்டனை நீதியாயினும், அழுகை அழுகையே என்று அவன் அறிந்திருந்தான்.

மூன்றாவது, தீயே இல்லாத சித்திரம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாக்கி ஷிக்கிபு என்ற அரண்மனைப் பெண்மணி இயற்றிய கென்ஜியின் கதையை, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சுருளாக எழுதினர். எஞ்சிய பகுதிகள் நகோயாவில் தொகுகாவா கலைக்கூடத்திலும் டோக்கியோவில் கோத்தோ கலைக்கூடத்திலும் உள்ளன. இதில் வீடுகளுக்குக் கூரை இல்லை. மேலிருந்து நோக்கினால் அறைக்குள் நடப்பதெல்லாம் தெரியும். முகங்களோ, கண்ணுக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கொக்கி, அவ்வளவே. அழுகையும் சிரிப்பும் அம்முகங்களில் இல்லை.

ஒரு காட்சியில் கென்ஜி ஒரு பச்சிளங்குழந்தையைக் கையில் ஏந்தியிருக்கின்றார். பிறந்த ஐம்பதாம் நாள் விழா. குழந்தை தம் மனைவிக்குப் பிறந்ததாயினும் தமக்குப் பிறந்ததன்று என்பதை அவர் அறிவார். இளமையில், தம் தந்தையின் மனைவியரில் ஒருத்திக்குத் தாமே ஒரு மகனைத் தந்தவர் அவர். அம்மகனைத் தந்தை தம்முடையவனென்று ஏந்தி மகிழ்ந்ததையும் கண்டவர். இப்போது அதே இடத்தில் தாம் நிற்கின்றார். ஓவியன் அவரைச் சாய்ந்த தரையின்மேல், சித்திரத்தின் மேலோரத்தில் ஒடுக்கி வைத்திருக்கின்றான். நிமிர்ந்தால் தலை இடிக்கும் போலிருக்கின்றது. முகம் பேசாததை அந்நெருக்கம் பேசுகின்றது. கூரை இல்லாத வீட்டில் வினைக்கு மறைவிடம் ஏது?

ஏவலாளன் அச்சத்தால் மௌனமாயிருந்தான். கென்ஜி வெட்கத்தால் மௌனமாயிருந்தார். என் மௌனத்தையும் இப்போது சொல்லிவிடுகின்றேன். அந்தக் கிடங்கின் பின்கதவு எந்நாளும் வெளியே பூட்டப்பட்டிருந்தது. பொதி சுமந்த எனக்கு அது தெரியும். விசாரணைக்கு வந்தவர்கள் எங்களைக் கேட்டபோது, வேலை போய்விடுமே என்று, "தெரியாது" என்றேன். பல ஆண்டுகளுக்குப்பின், அம்முதியவருடைய மகளைத் தேடிச் சென்று உண்மையைச் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போதே சொல்லியிருக்கலாமே, அண்ணா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆதலின், என் கேள்விக்கு நான் கண்ட விடை இது: தீயைக் கண்டது பாவமன்று, அது அழகாகத் தோன்றியதும் கண்ணின் இயல்பே. ஆனால், காண்பது ஒரு கடன். கண்ட கணத்திலேயே அக்கடன் நம்மேல் ஏறிவிடுகின்றது. அதனைத் தீர்க்கும் வழி, கண்டதை உரியவரிடத்தில் உரிய காலத்தில் சொல்வது. கை கொடுக்கக் கூடுமாயின் கை கொடுப்பது. கண்டதைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு, நான் ஒன்றும் செய்யவில்லையே என்பவன், செய்யாமையையே செய்தவனாவான்.

பெயர்கூட நிலைக்காத அந்த ஓவியர்கள் தாம் கண்ட கேட்ட துன்பத்தைச் சுருட்டி மறைக்கவில்லை. விரித்துக் காட்டிச் சென்றனர். அழகு என்று வியந்தவரும் அதனருகே கிணற்றைக் காணாமல் தப்ப இயலாது. அன்பர்களே, நம் தெருவிலும் நம் வேலைத்தலத்திலும் நாம் காணும் தீக்கள் பல. அவற்றைக் காணும்போது, உள்ளே எவரேனும் இருக்கின்றாரா என்று முதலில் கேட்போமாக. கேட்டபின் அறிந்ததைச் சொல்ல அஞ்சாதிருப்போமாக.

எல்லா உயிர்களும் துன்பம் நீங்கி இனிது வாழ்க!