வராத நாளுக்கு வாடகை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு நான் ஒரு பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆபீஸ் கேன்டீனில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவசர வேலை, டிராஃபிக் என்றெல்லாம் சொல்ல ஆசைதான். உண்மை என்னவோ, மறந்துபோய்விட்டேன்.

மறுநாள் வேறு தேதி கேட்டு போன் செய்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண், "குடுத்துடலாம் சார். நேத்து வராததுக்கு முன்னூறு ரூபாய் சேர்த்துக் கட்டணும்" என்றார்.

"ஏம்மா, நான் வாயையே திறக்கலை. அதுக்கு எதுக்கு காசு?"

"போர்டுல போட்டிருக்கோமே சார்!"

பல்வலியோடு போகிறவன் போர்டா படிப்பான்? ஆபீஸில் புலம்பினேன். "சினிமாவுக்கு டிக்கெட் எடுத்துட்டு போகலைன்னா தியேட்டர்காரன் பணத்தைத் திருப்பித் தருவானா?" என்றார் ஒருவர். இன்னொருவர் என் கட்சி. "அந்த டாக்டர் உங்களை எத்தனை தடவை ஒரு மணி நேரம் உட்கார வெச்சிருக்கார்! அதுக்கு நீங்க பில் போட்டீங்களா?"

பி.காம். படித்த பாவம், முதல் ஆசாமியின் கணக்கும் எனக்குப் புரிகிறது. இன்று விற்காத சோப்பை நாளைக்கு விற்கலாம். விற்காமல் போன ஆறரை மணியை எந்த கோடவுனில் வைப்பது? ஆள் வந்தாலும் வராவிட்டாலும் க்ளினிக்குக்கு வாடகை, உதவியாளருக்குச் சம்பளம், நாற்காலி வாங்கிய கடனுக்குத் தவணை எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். மனோதத்துவ மேதை ஃப்ராய்டு 1913-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைக் கூச்சமே இல்லாமல் சொல்லியிருக்கிறார். என் நாளில் ஒரு மணி நேரத்தை நோயாளிக்கு ஒதுக்கிவிட்டேன். அது அவருடையது. உபயோகிக்காவிட்டாலும் பணம் தர வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் வீட்டுக்காரர் வாடகையைத் தள்ளுபடி செய்வதில்லையே, அந்த நியாயம்தான்.

ஆனால் க்ளினிக் போர்டில் இருக்கிற வார்த்தை வாடகை இல்லை, அபராதம். அபராதத்துக்கு ஒரு வினோத குணம் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் செய்த ஒரு பரிசோதனையை இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2000-ல் வெளியிட்டார்கள். சாயங்காலம் குழந்தையை அழைத்துப்போக லேட்டாக வரும் பெற்றோருக்கு, 6 காப்பகங்களில் அபராதம் போட்டுப் பார்த்தார்கள். லேட்டாக வருகிறவர்கள் குறைவதற்குப் பதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானார்கள்! அதுவரை 'டீச்சரம்மாவைக் காக்க வைக்கிறோமே' என்று ஓர் உறுத்தல் இருந்திருக்க வேண்டும். காசு வாங்க ஆரம்பித்ததும், 'அதான் கட்டுறோமே' என்று ஆகிவிட்டது. அபராதத்தை ரத்து செய்த பிறகும் எண்ணிக்கை இறங்கவில்லை. போன உறுத்தல் போனதுதான்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. மறந்துவிட்டோமே என்ற வெட்கத்தோடுதான் போன் செய்தேன். முன்னூறு ரூபாய் என்று கேட்ட நிமிடம் வெட்கம் போய் ரோஷம் வந்துவிட்டது.

2022-ல் பிரிட்டனில் ரிஷி சுனக், சொல்லாமல் கொள்ளாமல் வராத நோயாளிகளுக்கு 10 பவுண்டு அபராதம் என்றார். முதல் தடவை மன்னிப்பு, அடுத்த தடவையிலிருந்து வசூல். டாக்டர்கள் சங்கமே எதிர்த்தது. பிரதமரான கையோடு அந்த யோசனையைக் கைவிட்டுவிட்டார். கைவிட்டது சரி என்றே நினைக்கிறேன். வராதவர்கள் எல்லோரும் பஜ்ஜி சாப்பிடப் போனவர்கள் இல்லை. முன்னூறு ரூபாய் எனக்கு ஒரு பிரியாணிக் காசு. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்குப் பாதி நாள் சம்பளம். மாற்று ஆள் வராததால் கேட்டை விட்டு நகர முடியாமல் டாக்டரைத் தவறவிட்டால், அவரும் அதே முன்னூறைக் கட்ட வேண்டுமா?

இந்த ஆயுதங்களையெல்லாம் தீட்டிக்கொண்டுதான் அடுத்த வாரம் க்ளினிக்குக்குப் போனேன். டாக்டர் வழக்கம்போல முக்கால் மணி நேரம் லேட். நல்லதாகப் போயிற்று என்று அந்தப் பெண்ணிடம் ஆரம்பித்தேன். "ஏம்மா, இந்த முக்கால் மணி நேரத்துக்கு எனக்கு யார் தருவா?"

அவர் சிரித்துவிட்டு, "நியாயம்தான் சார்" என்றார். பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் சொன்னார். "நீங்க வராத அன்னிக்கு ஒருத்தர் வந்தார் சார். கன்னமெல்லாம் வீங்கியிருந்துது. அப்பாயின்ட்மென்ட் இல்லை. எல்லாம் ஃபுல், நாளைக்கு வாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் வெளியே படியில உட்கார்ந்திருந்தார். நீங்க வந்துடுவீங்கன்னு ஏழு மணி வரைக்கும் பார்த்தோம். சரி, அவரையாவது கூப்பிடலாம்னு போய்ப் பார்த்தா, ஆள் போயிட்டார்."

தீட்டிய ஆயுதங்கள் எதற்கும் உதவவில்லை. அதுவரை இது எனக்கும் டாக்டருக்கும் நடுவிலான வரவு செலவு என்றே நினைத்திருந்தேன். ரயிலில் நாம் வராவிட்டால் டி.டி.இ. அந்த பெர்த்தை ஆர்.ஏ.சி.யில் குந்தியிருப்பவருக்குக் கொடுத்துவிடுவார். டிக்கெட் காசு ரயில்வேக்கு, படுக்கை இன்னொருவருக்கு. இங்கே டாக்டருக்கு என் முன்னூறு ரூபாய் போகும், நாற்காலியும் காலியாகவே கிடக்கும். படியில் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன கிடைத்தது? நாலு மணிக்கு நான் ஒரு போன் செய்திருந்தால் யாருக்கும் பத்து பைசா தர வேண்டியதில்லை. செய்யாமல் விட்டபின் முன்னூறு என்ன, மூவாயிரம் கொடுத்தாலும் அந்தக் கணக்கு நேராகாது. லேட்டாக வந்த டாக்டருக்கும் இதே கணக்குதான். ஏழு மணிக்குத்தான் வருவேன் என்று ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தால் நான் வீட்டில் காபி குடித்துவிட்டு வந்திருப்பேன்.

பேரம் பேசாமல் முன்னூறு ரூபாயை எடுத்து நீட்டினேன். ரசீது எழுதிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"அவர் மறுநாள் வந்தாராம்மா?"

"வரலை சார்."

"போன் பண்ணிப் பார்த்தீங்களா?"

"நம்பர் இல்லையே சார். அப்பாயின்ட்மென்ட் இருக்கறவங்க நம்பர்தான் வாங்குவோம்."