இரவல் துயரம்

பிறர் துயரத்தைப் பாடி நாம் பெயர் வாங்கலாமா? வெகு நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் இந்தக் கேள்வியை ஓர் இத்தாலிய இசைத்தட்டு மறுபடியும் கிளறிவிட்டது.

ஜெனோவா நகரத்து இளைஞர்கள் நால்வர் 1972-ல் வெளியிட்ட 'நூடா' என்ற தட்டு அது. குழுவின் பெயர் 'காரிபால்டி'. நாட்டை ஒன்றுபடுத்திய வீரரின் பெயர்தான். ஆனால் முன்பாதியில் 'கேரி' என்ற ஆங்கிலப் பெயர் தோன்றும்படி எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். கலப்பு பெயரிலேயே ஆரம்பமாகிவிட்டது! கித்தார் வாசித்துப் பாடியவர் பாம்பி ஃபொஸ்ஸாத்தி. முதல் பக்கத்தைச் சிறிது கேட்டாலே அவருடைய மானசீக குரு ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்பது விளங்கிவிடும்.

"எல்லாம் இரவல்" என்றார் உடன் கேட்ட நண்பர். "இந்தக் கித்தார் அழுகிறதே, இது மிஸிஸிப்பிப் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பு மக்களின் அழுகை. மட்டி வாட்டர்ஸ் அந்த வயலில் வேலை செய்தவர். 1943-ல் சிகாகோவுக்குப் போய்ப் பாடினார். அவர் பாடலாம். ஜெனோவாப் பையனுக்கு என்ன பாத்தியதை?"

கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஹென்ட்ரிக்ஸ் பிறந்ததே ஸியாட்டில் நகரத்தில். அது அவருடைய முன்னோர் சொத்து என்றாலும், கேட்டுத்தானே கற்றார்? அனுபவித்தவன்தான் பாடவேண்டும் என்றால், உலகத்துக் காவியங்களில் பாதியை எரித்துவிட வேண்டியதுதான்.

அப்படியானால் திருட்டு எங்கே தொடங்குகிறது? பெயரை மறைக்கும் இடத்தில் என்று நினைக்கிறேன். லெட் ஸெப்பெலின் என்ற ஆங்கிலக் குழு 1969-ல் வெளியிட்ட பாட்டு ஒன்று தம்முடையதைத் தழுவியது என்று, சிகாகோவின் வில்லி டிக்ஸன் 1985-ல் வழக்குத் தொடுத்தார். 1987-ல் சமரசமாயிற்று, பின்னர் அவர் பெயரும் பாட்டில் சேர்ந்தது. ஃபொஸ்ஸாத்தி தம் குருவை ஒளிக்கவில்லை. அதோடு அவர் அங்கேயே நின்றுவிடவுமில்லை. இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே நீண்ட படைப்பு. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் மொரெத்தோ தா பிரெஷாவின் பெயர் அதற்கு. அங்கே கித்தார் குருவின் வீட்டுத் திண்ணையைவிட்டு இறங்கித் தன் ஊர்த் தெருவில் நடக்கிறது.

இவ்வளவையும் நண்பரிடம் சொல்லி ஜயித்துவிட்டேன். அவர் எழுந்து போன பிறகுதான் நெஞ்சு உறுத்திற்று.

என் கதை ஒன்றில் நெல் குத்தும் கிழவி ஒருத்தி வருகிறாள். அவள் நிஜமாகவே எங்கள் தெருவில் இருந்தவள். அவளுடைய துக்கத்தை எழுதினேன். பத்திரிகையிலிருந்து சன்மானம் வந்தது. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் நானும் சொல்லவில்லை. பெயரை மறைப்பது திருட்டு என்று இப்போது தீர்ப்புச் சொன்னேனே, அவள் பெயரை நான் எங்கே சொன்னேன்? கௌரவம் கருதி மாற்றினேன் என்று சமாதானம் சொல்லலாம். சன்மானத்தில் ஒரு ரூபாயாவது கொடுக்காததற்கு என்ன சமாதானம் சொல்வேன்?

ஜெனோவாப் பையன் மீது கல் எறிய எனக்குக் கை எழவில்லை.