இனிஷியலில் ஓர் அம்மா

ரயிலில் எதிர் சீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, 'எங்கே இறங்கணும்?' இரண்டாவது கேள்வி, 'சொந்த ஊர் எது?' இதுவரைக்கும் பிரச்னை இல்லை. மூன்றாவதாக ஒன்று வரும் பாருங்கள்... 'மதுரையா? மதுரையில எந்தத் தெரு?' தெருவைச் சொன்னதும் 'ஓஹோ!' என்று ஒரு தலையாட்டல். அந்த ஒரு 'ஓஹோ'வில் நாம் என்ன சாதி, வீட்டில் என்ன சமைப்போம் என்பது வரை மனிதர் கணக்குப் போட்டு முடித்திருப்பார்.

சாதாரணமானவர்களுக்கே இந்தக் கதி என்றால், புகழ் பெற்றவர்களை விடுவோமா? அவர் பிறந்த ஊர் எது, அப்பா யார், தாத்தா என்ன தொழில் செய்தார் என்று ஆளுக்கொரு கடப்பாரையோடு தோண்டக் கிளம்பிவிடுவோம். தோண்டுவது தப்பா? ஒரு பெரிய கலைஞரின் வேரைத் தேடுவது மரியாதையா, இல்லை, மரியாதை என்கிற பெயரில் நடக்கும் வம்பா?

முதலில் ஓர் அந்நிய தேசத்துக் கதை. மரியா காலஸ் என்று ஒரு பாடகி. மேற்கத்திய இசை நாடகமான ஓபராவில் 20-ம் நூற்றாண்டின் ராணி அவர்தான் என்பார்கள். நடிப்பதும் பாடுவதும் ஒரே ஆள், கைக்கு மைக் கிடையாது. நம் ஊர் கிட்டப்பாவின் கொட்டகை நாடகத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஓரளவு புரியும். 1923 டிசம்பரில் அவர் பிறந்தது நியூயார்க்கில். ஆனால், வேர் கிரேக்க நாட்டில். அப்பா அங்கே மெசீனியா என்ற பகுதியில், மெலிகலாஸ் என்ற சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார். மகள் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்புதான் கடையை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார். குடும்பப் பெயர் கலோகெரோபுலோஸ். அமெரிக்கர்கள் வாயில் இது நுழையுமா? 'காலஸ்' என்று நறுக்கிவிட்டார். மரத்தோடு வந்தவர் வேரை வெட்டிக்கொண்டு வந்த மாதிரி.

இன்றைக்கு அந்த மெசீனியா பக்கம் போய், 'எங்க ஊர்ப் பொண்ணு' என்று பெருமைப்படுகிறவர்களையும், வேர் தேடிப் போகிற ரசிகர்களையும் பார்க்கலாம். ஏதென்ஸ் நகரில் 2023-ல் அவருக்கு ஒரு மியூசியமே திறந்தார்கள். சந்தோஷம்தான். ஆனால், தோண்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் கடப்பாரை பாறையில் இடிக்கும். பெற்ற தாயோடு காலஸுக்குப் பேச்சுவார்த்தையே இல்லாமல் போயிருந்தது. 1960-ல் அந்த அம்மா மகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். புகழ்ச்சியாக அல்ல. வேர் என்றால் இனிக்கும் என்று யார் சொன்னது? வேப்பமரத்துக்கும் வேர் இருக்கிறது.

காலஸ் பாரீஸில் இறந்தது 1977 செப்டம்பர் 16. பின்னர் அவருடைய அஸ்தியை ஏஜியன் கடலில் கரைத்தார்கள். எந்த ஊருக்கும் முழுசாகக் கிடைக்காமல் போய்விட்டார்.

அதே செப்டம்பர் 16 நமக்கும் முக்கியமான தேதி. 1916-ல் அந்த நாளில்தான் மதுரையில் எம்.எஸ்.சுப்புலட்சுமி பிறந்தார்.

அவர் பிறந்த வீடு மீனாட்சியம்மன் கோயிலை ஒட்டிய அனுமந்தராயர் கோயில் தெருவில் இருந்தது. பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். தங்கை வடிவாம்பாளும் வீணை. அண்ணன் சக்திவேல் மிருதங்கம். வீடு முழுக்கச் சங்கீதம். பத்து வயசுச் சிறுமியாக இசைத்தட்டில் பாடியபோது கூட வீணை வாசித்தது அம்மாதான். தந்தை என்று வழக்கறிஞர் சுப்பிரமணிய ஐயரை வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. அது சரிதானா என்று ஆராய்ந்து எழுதியவர்களும் உண்டு. எம்.எஸ். பிறந்தது தேவதாசி மரபில் வந்த குடும்பத்தில் என்பது ரகசியமும் அல்ல.

இங்கேதான் நம் 'ஓஹோ' வேலை செய்ய ஆரம்பிக்கிறது. ஒரு கூட்டம் குரலைத் தாழ்த்தி, கண்ணைச் சிமிட்டி, 'விஷயம் தெரியுமோ?' என்று ஆரம்பிக்கும். இன்னொரு கூட்டம் பதறிப்போய், 'அவங்க தெய்வப் பிறவி சார். அந்தப் பேச்செல்லாம் எதுக்கு?' என்று போர்வையை இழுத்து மூடும். முதல் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. இரண்டாவது கூட்டம் கொஞ்சம் சிக்கலானது. அவர்களுக்கு உண்மையிலேயே மரியாதை இருக்கிறது. ஆனால், அந்த மரியாதைக்குள்ளேயே ஓர் அவமானம் உட்கார்ந்திருக்கிறது. மூடுகிறார்கள் என்றாலே, மூட வேண்டிய ஏதோ ஒன்று என்று அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

இதற்கு எனக்கு ஒரு வழி காட்டியது அடி அண்ணாமலை.

திருவண்ணாமலையில் கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும். மொத்தம் 14 கிலோமீட்டர். பெரிய கோயிலிலிருந்து கிளம்பி மலைக்குப் பின்பக்கம் வந்து, கால் வலிக்க ஆரம்பிக்கும் இடத்தில் அந்தக் கிராமம். அங்கே ஆதி அருணாசலேஸ்வரர் கோயில். பிரம்மா ஸ்தாபித்த லிங்கம் என்பது ஐதீகம். ஊர்ப் பெயரை 'அடி அண்ணாமலை' என்றும் சொல்கிறார்கள், 'ஆதி அண்ணாமலை' என்றும் சொல்கிறார்கள். அடி என்றால் பாதம். ஆதி என்றால் தொடக்கம். பக்கத்திலேயே மாணிக்கவாசகருக்கு ஒரு சந்நிதி. மதுரைப் பக்கத்துத் திருவாதவூரில் பிறந்தவர், திருவெம்பாவை பாடியது இந்த மலையடியில்தான் என்பார்கள்.

மலையின் கதையும் ஒரு வேர் தேடும் கதைதான். அடியும் முடியும் தெரியாமல் நெருப்புத் தூணாக நிற்கிறார் சிவன். திருமால் பன்றியாகி மண்ணைத் தோண்டிக்கொண்டு அடியைத் தேடுகிறார். பிரம்மா அன்னமாகி முடியைத் தேடிப் பறக்கிறார். தோண்டித் தோண்டிக் களைத்த திருமால், 'என்னால் காண முடியவில்லை' என்று கையைத் தூக்கிவிட்டார். பிரம்மாவோ வழியில் வந்த தாழம்பூவைப் பொய்சாட்சிக்கு அழைத்து வந்து, 'முடியைப் பார்த்துவிட்டேன்' என்றார். விளைவு உங்களுக்குத் தெரியும். பிரம்மாவுக்குக் கோயில்கள் அபூர்வம். தாழம்பூ சிவ பூஜைக்கு ஆகாது.

கவனியுங்கள். தேடியதற்காக இருவருக்கும் தண்டனை இல்லை. பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னவருக்குத்தான் தண்டனை. திருமால் தோண்டினார், உடம்பெல்லாம் மண்ணாயிற்று, தன்னால் எட்டமுடிந்த எல்லையையும் ஒப்புக்கொண்டார். பெரியவர்களின் வேரைத் தேடுவதற்கு இதைவிட நல்ல விதி கிடையாது. வம்பு பேசுகிறவர் எட்டாத இடத்தை எட்டியதாகச் சொல்கிறார். 'தெய்வப் பிறவி' என்கிறவர் தோண்டாமலேயே முடியைப் பார்த்துவிட்டதாகச் சொல்கிறார். இரண்டு பேர் கையிலும் தாழம்பூ.

'அப்படின்னா வேரே வேண்டாம்னு விட்டுடலாமே சார்?' என்று கேட்கலாம். அதற்கும் இதே மலையில் ஓர் உதாரணம் உண்டு. 1896-ல் வேங்கடராமன் என்ற பையன் மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பினான். எழுதி வைத்த சீட்டில் கையெழுத்துகூடப் போடவில்லை. பெயர், ஊர், குலம் எல்லாவற்றையும் உதறிவிட்டு இங்கே வந்து ரமணர் ஆனான். ஆனால், அம்மா அழகம்மாள் தேடிக்கொண்டு வந்தார். 1916-லிருந்து மகனோடே தங்கி, 1922-ல் மறைந்தார். அந்தத் தாயின் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமமே எழுந்தது. எல்லாவற்றையும் துறந்தவரின் ஆசிரமத்துக்கு அஸ்திவாரமாக இருப்பது ஓர் அம்மா!

நான் பி.காம். படித்தவன். நம் ஊர்ப் பழைய முறை பேலன்ஸ் ஷீட்டில் வலது பக்கம் சொத்து, இடது பக்கம் கடன். ஒரு மேதையின் ஊரைக் கண்டுபிடித்ததும் நாம் என்ன செய்கிறோம்? அவரை வலது பக்கத்தில் எழுதுகிறோம். 'எங்க ஊரு', 'எங்க ஆளு'. சிலை வைக்கிறோம். எம்.எஸ். தனக்குச் சிலையோ நினைவு அறக்கட்டளையோ வேண்டாம் என்று உயில் எழுதியிருந்தார் என்பது 2024-ல் சென்னை உயர் நீதிமன்ற வழக்கில் பேசப்பட்டது. அவர் மறைந்தது 2004-ல். அடுத்த 2 வருஷத்திலேயே திருப்பதியில் சிலை வைத்தாகிவிட்டது.

நேர்மையான பதிவு இடது பக்கத்தில்தான் வரவேண்டும். நாம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம்? அக்கம்மாளுக்கு. சண்முகவடிவுக்கு. வீணை தனம்மாளுக்கு. 'கௌரவமான' வீட்டுப் பெண்கள் மேடை ஏறத் தயங்கிய காலத்தில், தலைமுறை தலைமுறையாகச் சங்கீதத்தைக் கையில் பொத்தி வைத்திருந்த பெண்கள் அவர்கள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் ஒழித்தது. அதற்காகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரும் அந்த மரபில் வந்தவர்தான். பெண்களைச் சுரண்டிய ஒரு வழக்கம் ஒழிந்தது, நல்லது. ஆனால், கூடவே அந்தப் பெண்கள் வளர்த்த வித்தைக்கான வரவும் கணக்கிலிருந்து அடிக்கப்பட்டுவிட்டது. சொத்து நமக்கு வந்துவிட்டது. கடன் கொடுத்தவர்கள் பெயரை மட்டும் அழித்துவிட்டோம்.

நியாயமான ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எம்.எஸ். தன் இளமைக் காலத்தைப் பற்றி அதிகம் பேசியவர் இல்லை. அவரே பேசாததை நாம் பேசலாமா? என் பதில் இதுதான். அவர் மூடி வைத்த கதவைத் தட்ட நமக்கு உரிமை இல்லை. அப்பா யார் என்ற ஆராய்ச்சியால் ஒரு ராகம்கூட நமக்குக் கூடுதலாகப் புரியப்போவதில்லை. ஆனால், அவர் திறந்தே வைத்திருந்த கதவு ஒன்று உண்டு. அதன் வழியாகப் போகாமல் இருப்பதும் மரியாதை ஆகாது.

அந்தக் கதவு அவருடைய இனிஷியல். 'எம்' மதுரை. 'எஸ்' சண்முகவடிவு. தாய் பெயரை முன்னால் போடுவது அந்தக் குடும்பங்களின் வழக்கம்தான். ஆனால், 1940-ல் சதாசிவத்தை மணந்த பிறகும் அவர் அதை மாற்றவில்லை. 1966-ல் ஐ.நா. சபையில் பாடியபோதும், 1998-ல் பாரத ரத்னா வாங்கியபோதும் சண்முகவடிவு கூடவே இருந்தார். வேரை ஒளிக்க நினைக்கும் ஒருவர் அதைத் தன் பெயருக்கு முன்னால் மாட்டிக்கொண்டு 60 வருஷத்துக்கும் மேல் நடப்பாரா? நாம்தான் அந்த 2 எழுத்தைச் செல்லப் பெயராக மாற்றி, அர்த்தத்தைத் தொலைத்துவிட்டோம்.

ஆகவே, தேடுங்கள். தாராளமாகத் தேடுங்கள். அந்தத் தெருவுக்குப் போய் நின்று 'ஓஹோ' சொல்வதற்காக அல்ல. இந்தக் குரலுக்குப் பின்னால் விரல் தேய வீணை வாசித்த ஒரு அம்மா இருந்தார் என்று தெரிந்துகொண்டு வருவதற்காக.

ரயிலில் அடுத்த முறை யாராவது 'சொந்த ஊர் எது?' என்று கேட்டால், ஊரைச் சொல்லிவிட்டு, 'என்னை ஆளாக்கினவங்க இன்னார்' என்று ஒரு பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். அதற்கப்புறம் அவர் தெருவைக் கேட்கமாட்டார்.