மதுக்கடையும் மௌனமும்

வினை நம்மை மூன்று வழிகளில் வந்தடைகிறது என்பது ஜினநெறி. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்பன அவை. இம்மூன்றையும் மனம், மொழி, மெய் என்பவற்றோடும், எண்ணுதல், கருவி கூட்டுதல், தொடங்குதல் என்னும் மூன்று படிகளோடும், வெகுளி முதலிய நான்கு கஷாயங்களோடும் பெருக்கி 108 என்று கணக்கிடும் தத்துவார்த்த சூத்திரம். செபமாலையில் 108 மணிகள் கோக்கப்பட்டதற்கும் இதனையே காரணமாகப் பெரியோர் கூறுவர். செய்தலும் செய்வித்தலும் எளிதில் விளங்குகின்றன. மூன்றாவதாகிய உடன்பாடே நம்மை இடர்ப்படுத்துகிறது. வாய் திறந்து "ஆகட்டும்" என்றால்தான் உடன்பாடா? வாய் மூடியிருந்தால் அது என்ன?

இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தில் வாழும் எம் உறவினர் மகள் ஒருத்தி இக்கேள்வியை நடைமுறைக் கேள்வியாக்கி எமக்கு எழுதியிருந்தாள். அவள் தெருமுனையில் ஒரு மளிகைக் கடை உள்ளது. கடைக்காரர் யாழ்ப்பாணத்துத் தமிழர். பொன்னி அரிசியும் முருங்கைக்காயும் வரவழைத்துத் தருபவர். பிள்ளைகளின் பெயர் சொல்லி நலம் கேட்பவர். அக்கடையின் கதவில் ஒருநாள் வெளிர் நீலத் தாளில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. காலை ஆறு மணி முதல் இரவு பதினொரு மணி வரை மதுவகைகள் விற்க உரிமம் கோரி நகர மன்றத்திற்கு விண்ணப்பித்திருப்பதாக அது கூறிற்று. அண்டை வீட்டார் எதிர்ப்பு மனுவோடு அவளிடம் வந்தனர். "பெரியம்மா, கையெழுத்திட்டால் என் மதத்தை அவர்மேல் திணித்தவள் ஆவேனா? இடாவிட்டால் உடன்பட்டவள் ஆவேனா?" என்பது அவள் வினா.

அந்நாட்டு முறையைச் சற்று விரித்துச் சொல்வது பயன் தரும். முன்னர் அங்கு மது உரிமம் வழங்கும் பொறுப்பு நீதிபதிகளிடம் இருந்தது. 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் 2005 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, அப்பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களுக்கு மாறியது. விண்ணப்பித்தவர் நீலத்தாள் அறிவிப்பை 28 நாட்கள் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். உள்ளூர்ச் செய்தித்தாளிலும் விளம்பரம் செய்ய வேண்டும். அந்நாட்களுக்குள் எவரும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம். ஆனால் எக்காரணத்தையும் எழுதிவிட முடியாது. குற்றமும் ஒழுங்கின்மையும் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத்தொல்லை தடுத்தல், பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காத்தல் ஆகிய நான்கு நோக்கங்களுள் ஒன்றைச் சார்ந்ததாக அது இருக்க வேண்டும். குடி பாவம் என்று எழுதினால் அத்தாளை ஒதுக்கி விடுவர். ஏற்கெனவே தெருவில் நான்கு கடைகள் இருக்க ஐந்தாவது எதற்கு என்ற கேள்வியும் அங்கு எடுபடாது. தேவை உண்டா இல்லையா என்பது வணிகம் முடிவு செய்ய வேண்டியது என்பர். உடல்நலம்கூட அந்நான்கில் இல்லை என்பது எமக்கு வியப்பாகவே உள்ளது. வடக்கே ஸ்காட்லாந்துச் சட்டம் பொதுமக்கள் உடல்நலத்தை ஐந்தாவது நோக்கமாகச் சேர்த்திருக்கிறது.

தக்க மறுப்பு வந்தால், இரு தரப்பும் இணங்கிப் போனாலன்றி, மன்ற உறுப்பினர் மூவர் அமர்ந்து இருவரையும் கேட்பர். உரிமத்தை மறுக்கலாம், நிபந்தனையிட்டு வழங்கலாம். ஒரு மறுப்பும் வராவிடில்? அப்போது அவர்களுக்குத் தேர்வே இல்லை. கேட்டபடி உரிமம் வழங்கியே ஆக வேண்டும். நம் ஆசாரியர்கள் கண்ட உடன்பாட்டுக்கு இதைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டு எமக்குக் கிடைத்ததில்லை. அந்த 28 நாட்களும் மௌனமாக இருந்த தெரு முழுவதும், சட்டத்தின் பார்வையில், "மறுப்பில்லை" என்று கூறிவிட்டது.

அப்படியாயின் கையெழுத்திடுவதே கடன் என்று முடித்துவிடலாமா? அங்குதான் சிக்கல் தொடங்குகிறது.

இல்லறத்தார் மதுவை ஏன் விலக்க வேண்டும் என்பதற்கு ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் கூறும் காரணம் நுட்பமானது. தேனையும் ஊனையும் உயிர்க்கொலை நீங்கும் பொருட்டு விடுக என்றவர், மதுவைப் பிரமாதம் நீங்கும் பொருட்டு விடுக என்கிறார். இன்று நம் பிள்ளைகள் சாப்பாடு பிரமாதம், பாட்டு பிரமாதம் என்று பாராட்டுக்கு வழங்கும் அதே சொல்தான். அதன் பழைய பொருள் விழிப்பின்மை, தன்னை மறந்த சோர்வு. (நாற்பதாண்டுக் காலம் வகுப்பில் இச்சொல்லைத் திருத்த முயன்று நாம் வெற்றி பெறவில்லை, அது வேறு கதை.) இம்சைக்குத் தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் கூறும்போதும் பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் பிரித்தல் என்றே கூறுகிறது. ஆக, மதுவில் நாம் விலக்குவது வெறும் நீர்ப்பொருளை அன்று. இம்சைக்கு வேராகிய விழிப்பின்மையை.

விழிப்பு என்பது ஒருவர்க்காக இன்னொருவர் கொள்ளக்கூடியதா? விரதம் என்பது குருவின் முன் தானே விரும்பி ஏற்பது. கடை இல்லாத ஊரில் குடியாதிருப்பவன் விரதியாகி விடான். ஆகவே நம் விரதத்தை நகர மன்றத்தின் வழியாகப் பிறர்மேல் ஏற்ற நினைத்தால், அவருக்கும் அது விரதமாகாது. நம்மிடத்தும் அது மானமாகிய கஷாயத்தையே வளர்க்கும். குடிப்பவனைக் கண்டு முகம் சுளிக்கும் பழக்கம் நம்முள் பலர்க்கு உண்டு. அது ஒழுக்கத்தின் அடையாளம் என்று எண்ணுகிறோம். எமக்கு அவ்வெண்ணம் உடன்பாடன்று.

மறுபுறம், குடி ஒருவனோடு நிற்பதில்லை. திருக்குறளின் அமைப்பை நோக்குக. புலால் மறுத்தல் அறத்துப்பாலில், துறவறவியலில் இருக்கிறது. கள்ளுண்ணாமையோ பொருட்பாலில், 93ஆம் அதிகாரமாக, சூதுக்கு முன்னால் வைக்கப்பட்டுள்ளது. புலால் உண்பதையும் உண்ணாததையும் அவரவர் அருளுடைமைக்கு விட்டவர், கள்ளை மட்டும் அரசும் குடியும் பேசப்படும் இடத்தில் வைத்தது ஏன்? ஒருவன் கள்ளுண்டால் அவன் மனைவியின் கூலியும், பிள்ளையின் படிப்பும், அண்டை வீட்டானின் உறக்கமும் கெடுகின்றன. எனவே அது ஊராரின் வழக்காகிறது. இது எம் ஊகமே. ஆயினும் அந்த இங்கிலாந்துச் சட்டத்தின் நான்கு நோக்கங்களும் இதனையே வேறு சொற்களில் கூறுவதாக எமக்குத் தோன்றுகிறது. உன் சமயம் உன்னோடு இருக்கட்டும், தெருவுக்கு என்ன கேடு என்பதை மட்டும் கூறு என்கிறது அச்சட்டம். சமயத்தைத் தள்ளிவைக்கும் இவ்விதியைக் குறையாகக் கருதுவோர் உண்டு. நாம் அதனை நல்ல கட்டுப்பாடாகவே கொள்வோம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அப்பெண்ணிடம் வந்த மனுவில், இரவெல்லாம் கூச்சல், வாசலெங்கும் உடைந்த கண்ணாடி என்று எழுதியிருந்ததாம். கடையில் இன்னும் ஒரு புட்டிகூட விற்கவில்லை! அண்டையிலுள்ள வேறு கடைகளால் அவ்வாறு நேர்ந்ததை அவள் கண்டிருக்கலாம், காணாமலும் இருக்கலாம். விரதத்தின் பொருட்டு மறுக்க விரும்பி, சட்டத்தின் பொருட்டுக் காணாத கண்ணாடியைக் கண்டதாக எழுதினால், மதுவைத் தடுக்கப் போய் வாய்மை என்னும் அணுவிரதத்தை இழந்தவள் ஆவாள். நல்ல முடிவுக்காகச் சொல்லும் பொய்யைப் பொதுவாழ்வில் பலர் குற்றமாகவே எண்ணுவதில்லை. இச்சிறு மனுக்களில்தான் அப்பழக்கம் முளைக்கிறது.

ஆதலின் அவளுக்கு யாம் எழுதியது இது. பொது மனுவில் கையெழுத்திட வேண்டா. உன் கண்ணால் கண்டவற்றை மட்டும் உன் பெயரில் தனியே எழுது. பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் அக்கடையில் கூடுவது உண்மையாயின் அதை எழுது. பதினொரு மணி மிக நேரம் என்றால் ஒன்பது மணிக்கு நிறுத்துமாறு கேள். 18 வயது நிரம்பாதவர்க்கு விற்கலாகாது என்பது அங்குச் சட்டம்; 25 வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றும் எவரிடமும் வயதுச் சான்று கேட்க வேண்டும் என்று நிபந்தனை இடுவதும் வழக்கம் என்கிறார்கள்; அதையும் கேள். மறுத்து எழுதுபவர் பெயரும் முகவரியும் விண்ணப்பித்தவருக்குத் தெரியவரும் என்பதால், தாளை அனுப்புமுன் கடைக்காரரிடம் நேரே சென்று, "அண்ணா, இவற்றை எழுதப் போகிறேன்" என்று சொல். அவர் மனம் நோகலாம். சிறு கடைகள் பெரிய அங்காடிகளோடு போட்டியிட முடியாமல் மதுவையும் புகையிலையையும் நம்பியே பிழைக்கின்றன என்று அவர் கூறுவாராயின், அதனைப் பொய் என்று தள்ளாதே. அவர் பிழைப்பும் ஓர் உயிரின் பிழைப்பே. அவரிடம் தொடர்ந்து அரிசி வாங்கு.

இத்தனையும் செய்த பின்னும் உரிமம் கிடைத்துவிடலாம். அதற்கு அவள் பொறுப்பாளி அல்லள்.

இதைப் படிக்கும் குடும்பங்களுள் மிகப் பலவற்றுக்கு வேர் திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி, ஆரணிப் பக்கங்களில் இருக்கிறது. அங்கு நமக்கு நீலத்தாள் கிடையாது. 2003 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் சில்லறை மதுவிற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. விற்பவரும் அரசு, இசைவு தருபவரும் அரசு. வழிபாட்டிடம், கல்விக்கூடம் ஆகியவற்றிலிருந்து நகராட்சி, மாநகராட்சிகளில் 50 மீட்டரும் பிற இடங்களில் 100 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நூறு மீட்டர் என்பது மூன்றாம் வகுப்புக் குழந்தை பாடலொன்றைப் பாடி முடிப்பதற்குள் நடந்துவிடும் தூரம்.

ஊராரிடம் இருப்பது கிராம சபை. அரசியலமைப்பின் பதினொன்றாம் அட்டவணை ஊராட்சிகளுக்கென எண்ணித் தந்த 29 பொருள்களுள் மதுவிலக்கு இல்லை. பழங்குடி மக்கள் வாழும் அட்டவணைப் பகுதிகளில், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, போதைப்பொருள் விற்பனையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கிராம சபைக்கு உண்டு. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி அறிவிக்கப்படவில்லை. மராட்டியத்தில் பெண்கள் நின்ற புட்டி, சாய்ந்த புட்டி என இரு படங்களில் ஒன்றுக்கு வாக்களித்துக் கடையை மூடச் செய்கிறார்கள். நம் ஊர்களில் தீர்மானம் எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவதோடு சரி. ஒரு விந்தையைக் கவனித்தீர்களா? கிராம சபை கூடும் நாட்களுள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கிலும் மதுக்கடைக்கு விடுமுறை. மகாவீர் ஜயந்திக்கும் விடுமுறை உண்டு. பூட்டிய கடையை மூடக் கோரி ஊர் தீர்மானம் போடுகிறது.

அத்தீர்மானங்கள் வீண் என்று நாம் கூறமாட்டோம். மக்கள் விடாது எதிர்த்த இடங்களில் கடைகள் இடம் பெயர்ந்ததும் மூடப்பட்டதும் உண்டு. கடை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பார்க்கு 2023இல் மரக்காணம் பக்கத்திலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் நேர்ந்த சாவுகளைக் காட்டுவது எளிது. ஆனால் அவ்விரு துயரங்களும் மாநிலமெங்கும் அரசுக்கடைகள் திறந்திருந்த காலத்திலேயே நேர்ந்தன. கடை இருப்பது அம்மக்களைக் காக்கவில்லை. கடை இல்லாமை மட்டும் காத்திருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. மெத்தனால் கலந்த சாராயத்தை வாங்கியவன் விலைக்காக வாங்கினான்.

நம்மவர்க்கு இதில் இன்னொரு பங்கும் வரக்கூடும். அது உடன்பாட்டோடு நிற்பதன்று, செய்வித்தலையே தொடுவது. டாஸ்மாக் கடைகள் பெரும்பாலும் வாடகைக் கட்டடங்களில் நடக்கின்றன. நிலத்தை விட்டு நகரத்துக்குப் பெயர்ந்த குடும்பங்களின் சாலையோர மனைகளும் நெல் மண்டிகளும் பூட்டிக் கிடக்கின்றன. எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படி ஒரு மண்டிக்குக் கேட்பு வந்தது. வீட்டு இளைஞன் கணக்கறிந்தவன். "அரசாங்கப் பணம், மாதந்தோறும் தவறாமல் வரும். நாம் குடிக்கவில்லை, விற்கவில்லை, ஊற்றிக் கொடுக்கவுமில்லை. நம் சுவரை அவர்கள் எதற்குப் பயன்படுத்தினால் என்ன?" என்றான். அவன் பாட்டி சிராவக விரதங்களை முறையாக ஏற்றவர். தேனைக்கூட மருந்துக்கும் தொடாதவர். அவர் நீண்ட வாதம் செய்யவில்லை. "சாவி யாரிடம் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

அம்மண்டியை இப்போது உரக்கடைக்காரர் ஒருவர் பாதிக்கும் குறைந்த வாடகைக்கு வைத்திருக்கிறார். மதுக்கடை அதே சாலையில், நான்கு கட்டடங்கள் தள்ளி, வேறொருவர் இடத்தில் வந்தது. "என்ன தடுத்துவிட்டோம்?" என்று அவ்விளைஞன் இன்றும் எம்மிடம் கேட்பதுண்டு. கடை வந்ததன்பின் வந்த முதல் கிராம சபைக்கு அவன் பாட்டியோடு போயிருந்தான். எழுந்து நின்று பேசியவர்களில் வாடகை வாங்காத கட்டடக்காரன் அவன் ஒருவனே என்று ஊரார் சொன்னார்கள்.